காலைக் காட்டு!

மூன்றாம் ஆண்டு, சிவில்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்று எங்கள் வகுப்பில் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கவிதை எழுத ஆள் இருக்கிறது (பெஞ்சுக்கு இரண்டு பேர்!). ஜோக் எழுத ஆள் இருக்கிறது. 'நடந்த கதை' எழுத என்னை விட்டால் யார்? உண்மையாகவே நடந்த கதைதான் நண்பர்களே. காலால் நடந்தது. அதுவும் செருப்பில்லாமல்.

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாக வேண்டிக்கொண்டது நான் இல்லை. என் அம்மா.

2023 அக்டோபரில் என் தம்பிக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஆறு நாள் அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் ராத்திரி, டாக்டர் வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போன பிறகு, அம்மா வாய்விட்டு வேண்டியிருக்கிறாள். "தாயே, சின்னவன எழுப்பிக் குடுத்துடு. என் பெரிய புள்ள பாண்டிச்சேரியிலருந்து வெறுங்காலோட நடந்து வந்து உன் சந்நிதியில மெழுகுவத்தி ஏத்துவான்." நாங்கள் மயிலம் முருகனுக்குக் காவடி எடுக்கிற வீடு. ஆனால் மாதாவுக்கு வேண்டிக்கொள்வதை நம்மூரில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த முஸ்லிம் அம்மாள்தான், "வேண்டிக்கம்மா, நல்லாயிடும்" என்று சொன்னாராம்.

தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். வேண்டுதல் விஷயம் எனக்குத் தெரிந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"நடுராத்திரியில உன்ன எழுப்பிக் கேட்டுட்டா வேண்டிப்பாங்க? என் முட்டி ஒழுங்கா இருந்தா நானே போயிருப்பேன்."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 160 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழி. ஆகஸ்டு 29-ல் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அந்த நாட்களை ஒட்டி ரோட்டோரம் காவிச் சட்டை போட்டுக்கொண்டு, சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, 'மரியே வாழ்க' என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 ஆகஸ்டு கடைசியில் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

எனக்கு என்ன பயம்? கபடி ஆடுகிறவன். தினமும் லாஸ்பேட்டை மேட்டில் சைக்கிள் மிதிப்பவன். முதல் ராத்திரி தேருக்கு முன்னாலேயே நடந்தேன். பின்னால் வந்த பாட்டிகளைப் பார்த்து, 'பாவம், எப்போ வந்து சேருவாங்களோ' என்று பரிதாபப்பட்டேன். கடலூருக்கு முன்னால் பெண்ணையாற்றுப் பாலத்தில் இடது கணுக்கால் லேசாக இழுத்தது. கண்டுகொள்ளவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதுதானே நேர்ச்சை? மறுநாள் சிப்காட் தாண்டும்போது மணி பத்து. தார் கொதித்தது. கால் கொப்பளித்தது. நின்றால் மானம் போய்விடும் என்று நடந்தேன். சிதம்பரம் வந்தபோது இரண்டு பாதத்திலுமாக நாலு கொப்புளம் உடைந்திருந்தது, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி. அந்தப் பரிதாபத்துக்குரிய பாட்டிகள் என்னைத் தாண்டிக் கொள்ளிடத்தை நோக்கிப் போனார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு நாள் நடந்த தூரத்தைப் புதுச்சேரி பஸ் இரண்டு மணி நேரத்தில் திருப்பிச் சுருட்டிவிட்டது.

அம்மா திட்டவில்லை. "வா, சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் காவிச் சட்டையைத் துவைத்து மடித்து, பீரோவில் வைக்காமல், சாமி படத்துக்குப் பக்கத்தில் அலமாரித் தட்டில் வைத்துவிட்டாள். அதற்குப் பக்கத்தில்தான் கண்ணாடி. தினமும் தலை சீவும்போது சட்டை என்னைப் பார்க்கும். கல்லூரியிலோ எனக்குப் பெயரே மாறிவிட்டது. கேண்டீனுக்குள் நுழைந்தால், "டேய், சிதம்பரம் வந்துட்டான்டா!"

2025 மார்ச் 12, மாசி மகம். வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் மயிலம் முருகன் முதல் அத்தனை சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கிற கூட்டத்தில் எங்கள் தெரு 'மில் தாத்தா'வைப் பார்த்தேன். 73 வயது. கடலூர் சாலையில் இருந்த ஏ.எஃப்.டி. மில்லில், அது 2020-ல் மூடப்படுவதற்குப் பல வருஷம் முன்பே ரிட்டயர் ஆனவர். வேளாங்கண்ணிக்கு 27 தடவை நடந்தவர். இப்போது எப்போது பார்த்தாலும் காலில் கேன்வாஸ் ஷூ.

"போன வருஷம் ஏன் திரும்பின?" என்றார், எடுத்த எடுப்பில்.

"கால் வலி தாத்தா."

"எங்க வலிக்க ஆரம்பிச்சுது?"

"பெண்ணையாத்துப் பாலத்துல."

"எங்க உட்கார்ந்த?"

"சிதம்பரத்துல..."

தாத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மில்லுல சங்கு ஊதினா வேலைக்குப் போவணும். கால்ல சங்கு ஊதினா உட்காரணும். நீ நாப்பது கிலோமீட்டர் சங்கு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நடந்திருக்க. அறிவு இருக்கா?" சாமி கடலில் முங்கியது. எல்லாரும் கும்பிட்டோம். "நாளையிலருந்து விடிகாலை நாலரைக்கு காந்தி சிலைகிட்ட வந்துடு."

ஆகஸ்டில் நடப்பதற்கு மார்ச்சிலேயே ஏன் என்று கேட்டேன். "தோலு ஒரு நாள்ல செருப்பாவாதுப்பா" என்றார்.

புத்தகத்தில் இந்தப் பருவத்துக்கு இளவேனில் என்று பெயர். தென்றல், குயில் எல்லாம் உண்டு. நம்மூர் இளவேனிலில் காலை ஏழு மணிக்கே பனியன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாலரை மணி வேறு உலகம். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள் என்பதால் ரோடு முழுக்க நமக்குத்தான். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும் அந்த ரோட்டில் முதல் வாரம் போய்வர ஒரே ஒரு நடை. அதற்கு மேல் ஒரு அடி வைக்க விடமாட்டார். பெஞ்சில் உட்கார வைத்து, சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து, "காலைக் காட்டு" என்பார்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நடைப்பயிற்சிக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் போகவர, 19 வயதுப் பையன் காந்தி சிலைக்கு எதிரே காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறான்! குதிகால் விளிம்பு, கட்டைவிரல் அடி, விரல் இடுக்கு... ஒன்று விடாமல் பார்ப்பார். "இங்க செவப்பா இருக்கு பாரு. இது நாளைக்குக் கொப்புளம். நாளைக்கு நடை கிடையாது." நான் சண்டை போட்டும் பயனில்லை.

அவர் வைத்தியமும் எல்லாரும் சொல்வதற்கு நேர்மாறு. உப்புத் தண்ணீரில் கால் ஊறவை என்று ஹாஸ்டல் நண்பர்கள் சொன்னார்கள். கூடாது என்றார். ஊறின தோல் இளகிப்போகும், இளகின தோல்தான் உராய்ந்து கழன்று நீர் கோத்துக்கொள்ளும். கழுவு, உடனே துடை, விரல் இடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. ராத்திரி மட்டும் குதிகாலில் தேங்காய் எண்ணெய், வெடிப்பு வராமல் இருக்க. இரண்டாம் வாரத்தில் மணல் சேர்த்துக்கொண்டோம். ஈர மணலில் கால் பக்கம், உலர்ந்த மணலில் கால் பக்கம். உலர்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் கதறும். மூன்றாம் வாரம் ரோட்டோரச் சரளை. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து இரண்டு நாய்கள் குரைத்தன.

என் பங்குக்கு நானும் ஒரு ஆராய்ச்சி செய்தேன் (சிவில்காரன் அல்லவா?). சர்வே லேபில் கெஞ்சி டேப் வாங்கி, 30 மீட்டர் அளந்து, ஐந்து தடவை நடந்து என் காலடியை எண்ணினேன். செருப்போடு 41 அடி. வெறுங்காலில் 44. அதாவது செருப்பைக் கழற்றினால் என் அடி 73 சென்டிமீட்டரிலிருந்து 68 ஆகச் சுருங்குகிறது. 160 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டேன்: 2,35,000 அடிக்கு மேல். போனில் இருக்கும் ஸ்டெப் கவுண்டர் வேறு ஏதோ சொன்னது. நான் டேப்பைத்தான் நம்பினேன். தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். "எண்ணாத. எண்ணினா கால் கனக்கும்" என்று ஒரே வார்த்தையில் என் ஆராய்ச்சியை முடித்துவிட்டார்.

நாலாம் வாரம் கடற்கரையை விட்டுக் கடலூர் சாலைக்கு மாறினோம். மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பாலம் வரை. மூன்றே நாளில் அதே இடது கணுக்கால், அதே வலி! எனக்கு அழுகை வந்துவிட்டது. கடற்கரையில் வராத வலி இங்கே ஏன் வர வேண்டும்? தாத்தா என்னை நிறுத்தி ரோட்டைக் காட்டினார்.

"ரோட்டுக்கு முதுகு இருக்குப்பா. நீ எப்பவும் அதோட இடது விலா மேலயே நடக்கிற. ஒரு கால் பள்ளத்துல, ஒரு கால் மேட்டுல. கொஞ்ச தூரம் இந்த விலா, கொஞ்ச தூரம் அந்த விலா. மாத்தி மாத்திப் போ."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே வாரம் ஹைவேஸ் வகுப்பில் சார் போர்டில் ரோட்டின் குறுக்குவெட்டுப் படம் போட்டு 'கேம்பர்' நடத்தினார். மழைத்தண்ணீர் வழிந்தோடுவதற்காக ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிக்கிறோம். சாதாரணத் தார் ரோட்டுக்கு 2 முதல் 2.5 சதவீதம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு காலுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் என்றால், 2.5 சதவீதச் சரிவில் ஒரு கால் 5 மில்லிமீட்டர் தாழ விழும். ஐந்து மில்லிமீட்டர் ஒன்றுமில்லைதான், ஒரு அடிக்கு. ஒரு லட்சம் அடிக்கு? ஓரத்து மண் பகுதியில் சரிவு இன்னும் அதிகம். வகுப்பு முடிந்ததும் சாரிடம் காட்டினேன். சிரிக்கவே சிரிக்காத அவர் சிரித்தார். "தண்ணிக்காக வெச்ச சரிவுல நீ ஏன்டா நடக்கிற?" என்றவர், பிறகு உட்கார்ந்து, எந்தக் கணுக்கால், எத்தனை நாளாக என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். அதன் பிறகு ஊர் வரும் இடங்களில் ஜாக்கிரதையாக ரோட்டைக் கடந்து பக்கம் மாறி நடந்தேன். எதிரில் வரும் வண்டி முகத்துக்கு நேராகத் தெரிகிற பக்கத்தில்தான் அதிக நேரம். பத்து நாளில் வலி போயிற்று.

பங்குனி உத்திரம் அந்த வருஷம் ஏப்ரல் 11-ல் வந்தது. அதற்கு முந்தின விடியற்காலைகளில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் மயிலத்துக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் தெற்கே, அவர்கள் வடக்கே. ரோடெல்லாம் புங்கம்பூ உதிர்ந்து பொரி இறைத்த மாதிரி. காலுக்கு அதைவிடச் சுகமான தரை நான் மிதித்ததில்லை. அவர்கள் "அரோகரா" என்றால் தாத்தாவும் "அரோகரா" என்பார்.

சித்திரை பிறந்ததும் தாத்தா ஒரு பரீட்சை வைத்தார். காலை 11 மணிக்கு வரச்சொல்லி, நிழலில்லாத தார் ரோட்டில் வெறுங்காலை வை என்றார். வைத்தேன். மனசுக்குள் பத்து எண்ணுவதற்குள் துள்ளிவிட்டேன். அவர் முகத்தில் என்னவோ ஒரு நிம்மதி. "சுடுதா? நல்லா சுடுதா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஏன் இப்படிக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை.

புரிந்தது வில்லியனூரில்.

வில்லியனூர் லூர்து மாதா கோயில் திருவிழா ஈஸ்டர் கழிந்து வரும் சனிக்கிழமை கொடியேறும். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர். அதுதான் எனக்கு முதல் நீள நடை. தாத்தாவும் வருகிறேன் என்றார். மெக்கானிக்கல்கார நண்பன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். நிதானமாக நடந்தோம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். விடியும்போது கோயில். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சுரூபம் அது. கோயிலுக்கு எதிரே படிக்கட்டு வைத்த குளம். தாத்தா குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, கொடியேற்றம் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார். 2022-க்குப் பிறகு அவர் இவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தானாம்.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருடைய இடது ஷூவின் ஓரம் கறுத்திருந்தது. டீ சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் ரத்தம்.

"தாத்தா, கால்ல ரத்தம்!"

"எங்க?" என்று குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. ஷூவைக் கழற்றினால் உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சரளைக்கல். எத்தனை கிலோமீட்டர் அதன் மேல் நடந்தாரோ! சாக்ஸை இழுத்தேன். அடிப்பாதத்தில் காசு அளவுக்குப் புண். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் இல்லை.

தாத்தா டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "சக்கர வியாதி எனக்குப் பதினாறு வருஷம். போன 2022-ல, சீர்காழி தாண்டி, மத்தியானம். வெயில்னா வெயில். கூட வந்தவனுங்க எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி குதிக்கிறானுங்க. நான் மட்டும் நேரா நடக்கிறேன். தாத்தாவுக்கு மாதா அருள் பாருன்னானுங்க. எனக்கே அப்படித்தான் தோணுச்சு. இருபத்தேழு வருஷம் நடந்ததுக்குக் குடுத்த அருள்னு நினைச்சேன்டா. ராத்திரி காரைக்கால்ல காலைக் கழுவறேன், தோலு அப்படியே கையோட வருது." கொஞ்சம் நிறுத்தினார். "வலிக்கல. அப்பவும் வலிக்கல. ரெண்டு மாசத்துல விரலை எடுத்தாங்க."

நண்பன் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெண்ணையாற்றிலிருந்து சிதம்பரம் வரை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு நடந்த என் முட்டாள்தனம்தான் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் அந்த வலிக்காக என்ன வேண்டுமானாலும் கொடுப்பார்.

சர்க்கரை வியாதி நீண்ட நாள் இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், சூடும் குத்தலும் தெரியாது, ரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆற நாளாகும், அதனால் அவர்கள் வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக்கூடாது, ஷூவைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும், தினமும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும்... இதெல்லாம் அன்றைக்கு டிரெஸ்ஸிங் போட்ட நர்ஸ் அக்கா என்னிடம் சொன்னது. தாத்தா வீட்டில் அவரும் பாட்டியும்தான். பாட்டிக்குக் கண் புரை.

அதனால் மறுநாளிலிருந்து என் டைம்டேபிளில் ஒரு வேலை கூடியது. நாலரைக்குத் தனியாக நடை. ஆறரைக்குத் தாத்தா வீட்டுத் திண்ணை. "காலைக் காட்டுங்க தாத்தா." முதல் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டார். "நான் என்ன சின்னப்புள்ளையா?" காந்தி சிலைக்கு எதிரே நான் காட்டவில்லையா என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். அவருடைய டார்ச்சிலேயே பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்த முறை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தன் காலில் யாரும் பார்க்காமல் விட்டதையெல்லாம் என் காலில் தேடியிருக்கிறார்.

ஏப்ரல் செமஸ்டர் பரீட்சைக்கு அந்தத் திண்ணையில்தான் பாதி படித்தேன். கேள்வித்தாளில் 'கேம்பர் என்றால் என்ன?' என்று இரண்டு மார்க் கேள்வி வந்தது. என் கணுக்கால் எழுதிய பதில் அது!

பரீட்சை முடிந்த வாரம், வெள்ளோட்டமாகக் கடலூருக்கு. நானும் மெக்கானிக்கலும். ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பினோம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், எல்லையில் முள்ளோடை. முதுகுப் பையில் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் டேப், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்த பாட்டில் இரண்டு. ஐந்து இடத்தில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு இடத்திலும் டார்ச். நண்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ யாத்திரை போறியா, லைட்டு வெச்சுக் காலைத் தேடுறியா?" என்றான். பெண்ணையாற்றுப் பாலத்தில் லேசாக வெளுத்தது. கணுக்காலில் ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். போன வருஷத்துக்குச் சேர்த்து உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆற்று மணலில் நாரைகள். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. அம்மா வேண்டிக்கொண்ட விஷயத்தை நினைத்து எரிச்சல்பட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

ஜூன், ஜூலையில் மழை தூறினால் விடுமுறை, மற்றபடி தினம் எட்டு கிலோமீட்டர். தாத்தாவின் புண் வைகாசி கடைசியில் மூடியது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுகிறாரா என்று பாட்டி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

2025 ஆகஸ்டு யாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. (அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டுதான் போனேன் என்பதை இந்த மலரைப் படிக்கும் ஆசிரியர்கள் கவனிக்கவும்.) தேருக்குப் பின்னால், பாட்டிகளோடு நடந்தேன். ராத்திரியும் விடிகாலையும் நடை, எட்டு மணிக்கு மேல் ஏதாவது ஒரு மண்டபத்தில் தூக்கம். பாட்டிகளிடம் இருக்கிற ஞானம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பாட்டி நடந்துகொண்டே தூங்கினார்! சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை விடியற்காலையில் தாண்டினோம், புதுச்சேரி பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் "பாண்டி, பாண்டி" என்று கத்தினார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. காரைக்கால் வந்ததும் பி.ஒய். நம்பர் வண்டிகளைப் பார்த்து, வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. நாகூரில் தொப்பி போட்ட பெரியவர்கள் ரோட்டோரம் நின்று தண்ணீர் கொடுத்தார்கள்.

வேளாங்கண்ணிக்கு அம்மாவும் தம்பியும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். மெழுகுவர்த்தி ஏற்றினேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பழைய மாதா குளத்துப் பக்கம் முட்டி போட்டு ஊர்ந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தம்பி ஐஸ்கிரீம் கேட்டான். காவிச் சட்டையை அம்மாவே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் துவைத்து, பீரோவில் வைத்தாள்.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலமே மில் தாத்தா வீட்டுக்குப் போனேன். வேளாங்கண்ணி எண்ணெய், உப்பு, ஒரு சின்ன ஜெபமாலை கொண்டுபோயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், கோயில் எப்படி, கூட்டம் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்தார்.

"காலைக் காட்டு."

காட்டினேன். குதிகால், விரல் அடி, இடுக்கு என்று இரண்டு காலையும் நிதானமாகப் பார்த்தார்.

"இடது குதிகால்ல ஒண்ணு வந்து அமுங்கியிருக்கு. எங்க?"

"திருக்கடையூர் தாண்டி."

"உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன் தாத்தா. ரெண்டு மணி நேரம். கூட்டத்தை முன்னால அனுப்பிட்டு."

டார்ச்சை அணைத்தார். ஜெபமாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்து, தன் காலை நீட்டினார்.

"ஆறு நாளா யாரும் பார்க்கல. பாரு."